இடமும் வலமும் – 9: யாருக்கும் உதவாத பதினைந்து

சென்ற வாரம் ஒசாகாவில் விட்டோம். அகாபொரியும் அவர் குழுவினரும் பட்டிழையின்மேல் பலேடியத்தைப் படியவைத்து, 1956இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். பட்டுப்புழு செய்த புரதம் கைரல். அதன்மேல் நடந்த வினையும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஆனால் எவ்வளவு சாய்ந்தது என்பது எந்தப் பட்டு என்பதைப் பொறுத்திருந்தது. ஒரு பட்டில் கிடைத்த விளைவு இன்னொன்றில் கிடைக்கவில்லை.

முந்தைய பகுதிகளைத் தவறவிட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு கார்பனில் நான்கு வெவ்வேறு தொகுதிகள் ஒட்டியிருந்தால், அந்த மூலக்கூறுக்கு இடம், வலம் என இரண்டு வடிவங்கள் உண்டு. ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம். இப்படிப்பட்ட மூலக்கூறைத்தான் கைரல் என்கிறோம். குடுவையில் சாதாரணமாகச் செய்தால் இரண்டும் பாதிப் பாதியாக வரும். சுழிமாய்க் கலவை என்று பள்ளியில் படித்தது இதைத்தான். 1848இல் லூயி பாஸ்தர் டார்டாரிக் அமில உப்பின் படிகங்களை இடுக்கியால் பொறுக்கி இரண்டாகப் பிரித்தார். நூறு வருடம் கழித்தும் தொழிற்சாலைகள் செய்துகொண்டிருந்தது ஏறக்குறைய அதேதான். இரண்டையும் செய்வது, பிரிப்பது, வேண்டாத பாதியோடு மல்லுக்கட்டுவது.

உயிருள்ள செல்லில் இருக்கும் நொதிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. வேண்டிய வடிவத்தை மட்டுமே அவை செய்கின்றன. மனிதன் தன் கையால் கட்டிய ஒரு சின்ன வினையூக்கி அதைச் செய்யுமா?

முதல் பதில் ஒரு கம்பெனி ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது.

மிசிசிப்பிக் கரையில்

மான்சாண்டோ என்றதும் நமக்கு பி.டி. பருத்தியும் அதைச் சுற்றிய சண்டைகளும்தான் நினைவுக்கு வரும். அதற்கு வெகு முன்பே, 1901இல், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் சாக்கரின் செய்யத் தொடங்கிய வேதிப்பொருள் கம்பெனி அது. அடுத்த சில ஆண்டுகளில் வெனிலினும் சேர்ந்துகொண்டது. ஐஸ்கிரீமில் மணக்கும் அதே வெனிலின்தான். அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இந்தக் கதையில் அதற்கு வேலை இருக்கிறது.

வில்லியம் நோல்ஸ் 1917இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் டான்டன் ஊரில் பிறந்தவர். ஹார்வர்டில் பட்டம் முடித்து, 1942இல் கொலம்பியாவில் முனைவர் பட்டம் வாங்கிய கையோடு மான்சாண்டோவில் வேலைக்குச் சேர்ந்தார். 1986இல் ஓய்வு பெறும்வரை வேறெங்கும் போகவில்லை.

இடையில் ஒரு வருடம் மட்டும் ஹார்வர்டுக்குத் திரும்பினார். அங்கே ராபர்ட் வுட்வர்ட் ஸ்டீராய்டுகளை அடியிலிருந்து கட்டிக்கொண்டிருந்தார். படிக்குப் படி கட்டிக்கொண்டு போகும் தொகுப்பில் சுழிமாய்க் கலவை எவ்வளவு பெரிய தலைவலி என்பதை நோல்ஸ் அங்கே பக்கத்திலிருந்து பார்த்தார். பாதிச் சரக்கு தவறான வடிவத்தில் வருகிறது என்றால், அதுவரை போட்ட பணத்திலும் உழைப்பிலும் பாதி வீண். பல்கலைக்கழக ஆசிரியருக்கு அது ஓர் அடிக்குறிப்பு. கம்பெனிக்காரருக்கு அது கணக்குப் புத்தகத்தில் ஏறும் நஷ்டம்.

இரண்டு பேர் செய்தது

அறுபதுகளின் நடுவில் ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு விஷயங்கள் அச்சில் வந்திருந்தன.

முதலாவது லண்டனிலிருந்து. இம்பீரியல் கல்லூரியில் ஜெஃப்ரி வில்கின்சன் ஒரு ரோடியம் சேர்மத்தைச் செய்தார். நடுவில் ஒரு ரோடியம் அணு. அதைச் சுற்றி மூன்று டிரைஃபீனைல் பாஸ்பீன்கள், ஒரு குளோரின். கரைசலில் கரையும். அறை வெப்பநிலையிலேயே ஹைட்ரஜன் வாயுவைப் பிடித்து இரட்டைப் பிணைப்பின்மேல் சேர்த்துவிடும்.

கரைவதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். அதுவரை ஹைட்ரஜனேற்றம் என்றால் நிக்கல் தூள், பலேடியம் தூள். அந்தத் தூளின் பரப்பில் எந்த அணு எங்கே நின்று வேலை செய்கிறது என்று யாருக்கும் தெரியாது. வில்கின்சனின் சேர்மத்தில் ஒவ்வொரு அணுவுக்கும் முகவரி உண்டு. எது எங்கே இருக்கிறது என்று தெரிந்தால், அதைக் கழற்றி வேறொன்றை மாட்டலாம்.

இரண்டாவது, பாஸ்பரஸ் பற்றியது. ஒரு பாஸ்பரஸில் மூன்று வெவ்வேறு தொகுதிகளை ஒட்டினால் அது தட்டையாக இருக்காது, கூம்பாக நிற்கும். நைட்ரஜனும் அப்படித்தான் நிற்கும். ஆனால் காற்றில் குடை திரும்புவதுபோல் நொடிக்குக் கோடிக்கணக்கான முறை இடமிருந்து வலமாக, வலமிருந்து இடமாகப் புரண்டுகொண்டே இருக்கும். பாஸ்பரஸ் அப்படிப் புரளாது. அறை வெப்பநிலையில் இடம் என்றால் இடமாகவே நிற்கும். ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் லியோபோல்ட் ஹோர்னரும், அமெரிக்காவில் கர்ட் மிஸ்லோவும் இப்படிப்பட்ட கைரல் பாஸ்பீன்களைச் செய்யும் வழிகளைக் காட்டியிருந்தார்கள்.

நோல்ஸ் செய்த யோசனை இவ்வளவுதான்: வில்கின்சனின் ரோடியத்திலிருந்து சாதாரண பாஸ்பீனைக் கழற்று, கைரல் பாஸ்பீனை மாட்டு.

சொல்வதற்கு ஒரு வரிதான். ஆனால் அன்று இதைச் செய்து பார்க்கலாம் என்று நினைத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

1968

நோல்ஸும் சக ஆய்வாளர் சபாக்கியும் எடுத்த பாஸ்பீனில் இருந்தவை மெத்தில், புரோப்பைல், ஃபீனைல். முழுத் தூய்மை கிடைக்கவில்லை. ஒளியியல் தூய்மை 69 விழுக்காடு. அதை ரோடியத்தில் மாட்டினார்கள். ஆல்ஃபா-ஃபீனைல் அக்ரிலிக் அமிலத்தின் இரட்டைப் பிணைப்பில் ஹைட்ரஜனைச் சேர்த்தார்கள். வந்த பொருளைக் கரைத்து, அதன் வழியே முனைவாக்கப்பட்ட ஒளியைச் செலுத்திப் பார்த்தார்கள்.

இரண்டு வடிவமும் சரிபாதி என்றால் ஒளி திரும்பாது. திரும்பியது.

அளவு, 15 விழுக்காடு மிகை. அதாவது நூற்றில் ஐம்பத்தேழரை ஒரு வடிவம், நாற்பத்திரண்டரை இன்னொன்று.

இதை வைத்துக்கொண்டு எதையும் விற்க முடியாது. மருந்து செய்ய முடியாது. ஒரு மேலாளர் முன்னால் போய் நின்று “ஐம்பத்தேழுக்கு நாற்பத்திரண்டு” என்று சொன்னால், அவர் கடிகாரத்தைப் பார்ப்பார். லண்டனின் ‘கெமிக்கல் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் வெளியான அந்தக் கட்டுரை இரண்டே பக்கம்.

என்னைக் கேட்டால், அந்த நூற்றாண்டின் கரிம வேதியியலில் அதிகம் கனக்கும் இரண்டு பக்கக் கட்டுரைகளில் அதுவும் ஒன்று என்பேன். காரணம் அந்த 15 அல்ல. பட்டை நினைத்துப் பாருங்கள். பட்டு என்ன கொடுத்ததோ அதோடு சரி. புழுவிடம் போய் ஒரு மெத்திலை எடுத்துவிட்டு வேறொன்றை வை என்று கேட்க முடியாது. பாஸ்பீனிடம் கேட்கலாம். மூன்று தொகுதிகளையும் ஒவ்வொன்றாக மாற்றலாம், மாற்றும்போதெல்லாம் 15 என்ற எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்கலாம். வேலை செய்யும் மூலக்கூறைவிட, திருத்தக்கூடிய மூலக்கூறுதான் ஆய்வாளனுக்கு வேண்டும்.

ஹோர்னரும் அதே 1968இல், தனியாக, இதே யோசனையைச் செய்து பார்த்துக் கட்டுரை வெளியிட்டார். அவருக்குக் கிடைத்த மிகை இன்னும் குறைவு. வரலாற்றில் அவர் பெயர் அடிக்கடி விடுபட்டுப்போகிறது; இந்தத் தொடரில் விடுபடக்கூடாது.

கிராம் கணக்கில் ஒரு மருந்து

எண்ணை ஏற்ற வேண்டுமென்றால் ஒரு தேவை வேண்டும். தேவை மருத்துவமனையிலிருந்து வந்தது.

எல்-டோபா ஓர் அமினோ அமிலம். 1913இல் பாசெல் நகரத்து ரோஷ் கம்பெனியில் மார்க்கஸ் குகன்ஹைம் அதை மொச்சை வகைப் பயறு ஒன்றிலிருந்து பிரித்தெடுத்தார். என்ன செய்கிறது பார்ப்போம் என்று இரண்டரை கிராமைத் தானே விழுங்கி, வாந்தி எடுத்தார். 1937இல் சென்னையிலிருந்து தாமோதரனும் இராமசாமியும் அதே பொருளைப் பூனைக்காலி விதையில் கண்டு எழுதினார்கள். நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் இன்றும் எடுத்துத் தருவார்களே, அதே பூனைக்காலிதான்.

பார்க்கின்சன் நோயில் மூளையின் ஒரு பகுதியில் டோபமைன் குறைந்துவிடுகிறது. டோபமைனை நேராகக் கொடுத்தால் அது மூளைக்குள் நுழையாது. டோபா நுழையும், உள்ளே போய் டோபமைனாக மாறும். 1967இல் நியூயார்க் மாநிலத்தின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் ஜார்ஜ் கொட்சியாஸ் பெரிய அளவில், நாளுக்குப் பல கிராம் கொடுத்துப் பார்த்தார். அசைவற்று உட்கார்ந்திருந்தவர்கள் நடந்தார்கள்.

அவர் முதலில் கொடுத்தது இரண்டு வடிவமும் சேர்ந்த கலவை. சிலருக்கு இரத்த அணுக்கள் குறைந்தன. எல் வடிவத்தை மட்டும் கொடுத்தபோது பாதி அளவே போதுமானதாக இருந்தது. டி வடிவம் நோய்க்கு ஒன்றும் செய்யவில்லை, உடம்புக்குத்தான் பாரம்.

1970இல் அமெரிக்க அரசு எல்-டோபாவுக்கு அனுமதி தந்தது. ஒரு நோயாளிக்கு நாளுக்குப் பல கிராம், நோயாளிகளோ ஆயிரக்கணக்கில். அதுவரை அரிய பொருளாக இருந்த ஓர் அமினோ அமிலம் திடீரென்று டன் கணக்கில் தேவைப்பட்டது.

இங்கேதான் வெனிலின் வருகிறது. டோபாவின் பென்சீன் வளையத்தில் இரண்டு ஆக்சிஜன்கள் அடுத்தடுத்து நிற்கும். வெனிலினிலும் அதே இரண்டு ஆக்சிஜன்கள், அதே இடத்தில். வெனிலினில் தொடங்கினால் கடினமான பாதி ஏற்கெனவே முடிந்துவிட்டது. மான்சாண்டோ வெனிலினிலிருந்து டோபாவுக்கு ஓர் இடைப்பொருளைச் செய்து ரோஷுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்த இடைப்பொருள் சுழிமாய்க் கலவை. அதைப் பிரிக்கும் வேலை ரோஷின் தலையில்.

அந்த இடைப்பொருளுக்கு ஒரு படி முன்னால் இருப்பது ஓர் எனமைடு: ஒரு இரட்டைப் பிணைப்பு, பக்கத்திலேயே ஓர் அமைடு. அதில் ஹைட்ரஜனைச் சேர்க்க வேண்டும். சேரும்போது எந்தப் பக்கமிருந்து சேர்கிறது என்பதுதான் வருவது எல் வடிவமா டி வடிவமா என்பதைத் தீர்மானிக்கிறது.

நோல்ஸ் தேடிக்கொண்டிருந்த கேள்வி அவருடைய கம்பெனியின் வினைக்கலனிலேயே இருந்தது.

பாரிஸிலிருந்து ஓர் அடி

இந்த நேரத்தில் பாரிஸுக்கு அருகே ஓர்சேயில் ஆன்ரி ககானும் அவருடைய மாணவர் டாங்கும் 1971இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள்.

கைரல் தன்மை பாஸ்பரஸிலேயே இருக்க வேண்டும், ரோடியத்துக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில், என்று நோல்ஸ் நம்பியிருந்தார். நியாயமான நம்பிக்கைதான். வேலை நடப்பது ரோடியத்தில். தூரத்தில் இருப்பது எப்படி அதை ஆட்டிவைக்கும்?

ககான் அதை உடைத்தார். அவருடைய ‘டையாப்’ என்ற மூலக்கூறில் பாஸ்பரஸ்கள் இரண்டு, இரண்டுமே சாதாரணமானவை. கைரல் தன்மை அவற்றை இணைக்கும் கார்பன் சங்கிலியில் இருந்தது. இரண்டு பாஸ்பரஸும் ஒரே ரோடியத்தை இரு பக்கமும் பிடித்துக்கொள்ளும். மிகை 72 விழுக்காடுவரை போனது.

அந்தச் சங்கிலியை ககான் எதிலிருந்து செய்தார் தெரியுமா? டார்டாரிக் அமிலத்திலிருந்து. பாஸ்தர் இடுக்கியால் பொறுக்கினாரே, அதே அமிலம்.

நான்கு எழுத்துகள்

செயின்ட் லூயிஸில் சபாக்கியும் இன்னொரு சக ஆய்வாளர் வின்யார்டும் பாஸ்பீன்களை ஒவ்வொன்றாகச் செய்துகொண்டிருந்தார்கள். பாஸ்பரஸில் ஒட்டும் ஒரு தொகுதியை அனிசைலாக மாற்றினார்கள். அது ஒரு பென்சீன் வளையம். பாஸ்பரஸ் ஒட்டியிருக்கும் கார்பனுக்கு அடுத்த கார்பனில் ஓர் ஆக்சிஜன். அந்த ஆக்சிஜன் வினைப்பொருளை எங்காவது ஒரு கை பிடிக்கும் என்ற ஊகம்.

‘பேம்ப்’ என்று பெயரிட்ட பாஸ்பீன் 60ஐ நெருங்கியது. அதில் ஃபீனைலை எடுத்துவிட்டு சைக்ளோஹெக்சைல் வைத்தால் ‘கேம்ப்’. அது 88. நூற்றில் தொண்ணூற்று நான்கு வேண்டிய வடிவம்.

நொதிகளைத் தவிர வேறெதுவும் அதுவரை இந்த எல்லையைத் தொட்டதில்லை. தொட்டது, ஒரு ரோடியத்தில் தொங்கும் சிறிய மூலக்கூறு.

அதோடு அவர்கள் நிற்கவில்லை. ககானின் இரட்டைப் பிடி மனதில் இருந்தது. இரண்டு பேம்ப்களை அவற்றின் மெத்தில் கார்பன்கள் வழியே ஒட்டினார்கள். அது ‘டைபேம்ப்’. நோல்ஸின் பாஸ்பரஸ் கைரல் தன்மையும் உண்டு, ககானின் இரண்டு கைப் பிடியும் உண்டு. கட்சி எதுவானாலும் இரண்டு பேர் யோசனையும் ஒரே மூலக்கூறில் குடியேறிவிட்டன. மிகை 95.

1974இல் மான்சாண்டோ இந்த வழியில் எல்-டோபாவைத் தொழில்முறையில் செய்யத் தொடங்கியது. முதலில் கேம்ப், பிறகு டைபேம்ப். கைரல் உலோக வினையூக்கி ஒன்று தொழிற்சாலைக்குள் நுழைந்தது அதுவே முதல் முறை. இரண்டு பக்கக் கட்டுரையிலிருந்து இதற்கு ஆறே வருடம்.

அந்த வினைக்கலனைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். உள்ளே போகும் எனமைடு முழுதாகக் கரைவதில்லை. கரைசலில் கூழாக மிதக்கிறது. ரோடியம் கரைந்திருக்கிறது. ஹைட்ரஜன் ஏறுகிறது. விளைபொருளும் முழுதாகக் கரைவதில்லை. அதனால் கூழாக உள்ளே போனது கூழாகவே வெளியே வருகிறது. ஆனால் வடிகட்டும்போது துணியில் தங்குவது ஏறக்குறைய சுத்தமான எல் வடிவம். மீதி ஐந்து விழுக்காடு கலவையும், விலை உயர்ந்த ரோடியமும் திரவத்தோடு இறங்கிவிடுகின்றன. பிரிக்கும் வேலை என்று தனியாக ஒன்று இல்லை. இந்த அதிர்ஷ்டத்தைத் திட்டமிட்டு வாங்க முடியாது. வந்தபோது அடையாளம் கண்டுகொள்ளத்தான் முடியும்.

எழுதியது கொஞ்சம்

நோல்ஸ் இந்தத் துறையில் எழுதிய முக்கியமான கட்டுரைகளை ஒரு கை விரல்களில் அடக்கிவிடலாம். 1968இல் முதல் குறிப்பு. 1972இல் கேம்ப். 1975இல் அமெரிக்க வேதியியல் கழக இதழில் டைபேம்ப். 1983இல் முழுக் கதையையும் திரும்பிப் பார்க்கும் ஒரு கட்டுரை. மற்றதெல்லாம் காப்புரிமைப் பத்திரங்கள். ஆண்டுக்கு முப்பது கட்டுரை வெளியிடும் பேராசிரியர்களின் காலத்தில் இது ஒன்றுமே இல்லை.

ஆனால் அந்தச் சிலவற்றுக்குப் பின்னால் என்ன நடந்தது என்று பாருங்கள். டொராண்டோவில் போஸ்னிச் 1977இல் ‘கைராஃபாஸ்’ செய்தார். ஜப்பானில் நொயோரி 1980இல் ‘பைனாப்’ செய்தார். பிறகு கைரல் பாஸ்பீன்களின் பட்டியல் ஆயிரத்தைத் தாண்டியது. இவற்றில் பெரும்பாலானவை ககான் வழிதான், கைரல் தன்மை சங்கிலியில். பாஸ்பரஸில்தான் வேண்டும் என்ற நோல்ஸின் பிடிவாதம் பொதுவிதி ஆகவில்லை. அவருடைய கேள்வி மட்டும் எல்லோருடைய கேள்வியும் ஆனது.

2001இல் ஸ்டாக்ஹோமிலிருந்து நோல்ஸுக்கு நோபல் பரிசு அழைப்பு வந்தது. உடன் நொயோரி, ஷார்ப்லெஸ். ககானுக்கு வரவில்லை. அந்த விவகாரத்துக்கு ஒரு வாரம் தனியாக வேண்டும்.

சிகாகோவில் ஒரு படிகம்

இவ்வளவு நடந்தும் ஒரு விஷயம் யாருக்கும் தெரியாமலே இருந்தது. இது ஏன் வேலை செய்கிறது?

எல்லோர் மனதிலும் ஒரு படம் இருந்தது. எமில் ஃபிஷர் 1894இலேயே நொதிகளுக்குச் சொன்ன பூட்டும் சாவியும். எனமைடு தட்டையான மூலக்கூறு. அதற்கு இரண்டு முகம். ஒரு முகத்தை ரோடியத்துக்குக் காட்டி உட்கார்ந்தால் எல் வரும், மறுமுகத்தைக் காட்டினால் டி வரும். கைரல் பாஸ்பீன் ஒரு முகத்துக்கு நன்றாக இடம் விடுகிறது, மற்றதை இடிக்கிறது. நன்றாகப் பொருந்துவது அதிகமாக உட்காரும். அதிகமாக உட்கார்ந்தது அதிகமாக விளைபொருள் தரும். குழந்தைக்கும் புரியும் விளக்கம்.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஜாக் ஹால்பெர்ன் இதைச் சரிபார்க்க முடிவு செய்தார். போஸ்னிச்சின் கைராஃபாஸை ரோடியத்தில் மாட்டி, அதில் எனமைடையும் உட்காரவைத்து, ஹைட்ரஜன் விடாமல் நிறுத்தினார். அந்தச் சேர்மத்தைப் படிகமாக்கி எக்ஸ்-கதிர் படம் எடுத்தார். 1980இல் முடிவு அச்சில் வந்தது.

எனமைடு உட்கார்ந்துதான் இருந்தது. தவறான முகத்தைக் காட்டிக்கொண்டு.

அந்த நிலையிலேயே ஹைட்ரஜன் சேர்ந்தால் வரவேண்டியது எதிர் வடிவம். குடுவையில் வருவதோ தொண்ணூற்றைந்துக்கு மேல் இந்த வடிவம். படிகம் மட்டும் இப்படியா, கரைசலில் வேறா? கரைசலிலும் அதுவே பெரும்பான்மை. ஆக்ஸ்போர்டில் ஜான் பிரவுன் டைபேம்ப்பை வைத்துக் காந்த அதிர்வு நிறமாலையில் தேடியபோதும் ஒரு சேர்மம் ஓங்கியிருப்பதும், இன்னொன்று ஓரத்தில் கொஞ்சமாக ஒட்டிக்கொண்டிருப்பதும் தெரிந்தன.

இன்னும் இரண்டு விசித்திரங்கள். ஹைட்ரஜன் அழுத்தத்தை ஏற்றினால் வினை வேகமாகிறது, ஆனால் மிகை இறங்குகிறது. வெப்பநிலையைக் குறைத்தால் எந்த வினையும் இன்னும் நுணுக்கமாகத் தேர்ந்தெடுக்கும் என்பது வேதியியலாளர்கள் கண்ட பழக்கம். இங்கே குறைத்தாலும் மிகை இறங்குகிறது.

டன் டன்னாக எல்-டோபா செயின்ட் லூயிஸிலிருந்து போய்க்கொண்டிருக்கிறது. பெரும்பான்மை தவறான முகத்தோடு உட்கார்ந்திருக்க, சரியான வடிவத்தை யார் செய்துகொண்டிருந்தார்கள்?

(அடுத்த வாரம்)